குழந்தை என்ஐசியூவில் இருக்கும்போது அம்மாவை வரச் சொல்வதா, வேண்டாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 30 வாரத்தில் சிசேரியன் ஆகி, 1,250 கிராம் எடையில் மகன் பிறந்து ஆறு நாள் ஆகிறது. அவன் என்ஐசியூவில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், சிபாப்பில் (மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) இருக்கிறான். நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகி பெங்களூரு பாணஸ்வாடி வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். கணவர் லீவை மிச்சம் பிடிக்க வேலைக்குத் திரும்பிவிட்டார். நான்கு வயது மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, தினமும் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போய் வருகிறீர்கள். மதுரையிலிருந்து அம்மாவும் சேலத்திலிருந்து மாமியாரும் கிளம்பி வருகிறோம் என்கிறார்கள். "குழந்தையே வீட்டில் இல்லை, உள்ளே அவர்களை விடவும் மாட்டார்கள், வந்து என்ன செய்யப்போகிறார்கள்? வேண்டாம் என்றால் தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் இருக்கிறது: "அவனுக்கு நான் செய்வது ஒன்றுமே இல்லை, வீட்டையாவது நான் பார்த்துக்கொள்கிறேன்." எனக்கு அந்த வரிதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது. குழந்தை ஏற்கெனவே நர்ஸ்கள் கையில். வீட்டையும் அம்மா கையில் கொடுத்துவிட்டால் எனக்கென்று என்ன மிஞ்சும் என்று கேட்கிறீர்கள்.

நான் பெங்களூருவில் பல ஆண்டுகளாக என்ஐசியூ நர்ஸாக வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை. உங்கள் மகனை நான் பார்த்ததும் இல்லை. அவன் மூச்சு, மருந்து, பால் அளவு பற்றியெல்லாம் அந்த யூனிட் டாக்டர் சொல்வதுதான் முடிவு. ஆனால் கதவுக்கு உள்ளே குழந்தையையும் வெளியே அதன் குடும்பத்தையும் ஒரே நாளில் பார்க்கிற வேலை இது. எந்த உதவி தாய்க்குத் தெம்பு தருகிறது, எது அவளைக் கூடுதலாகக் களைப்பாக்குகிறது என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

அம்மாவை வரச் சொல்லுங்கள். இருவரையும் ஒரே நேரத்தில் அழைக்காதீர்கள். என்ன வேலைக்கு வருகிறார்கள் என்பதை டிக்கெட் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். மூன்று விஷயங்களை மட்டும் நீங்களும் கணவரும் விட்டுக்கொடுக்காதீர்கள்: பால் எடுப்பது, அவனைத் தொட்டுக்கொண்டு இருப்பது, டாக்டரிடம் நேரில் பேசுவது. அடுப்பு, துணி, மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, மருந்துக்கடை, சொந்தக்காரர்களின் போன் எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள்.

அவனுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்கிறீர்கள், அது சரியில்லை. 30 வாரக் குழந்தைக்கு உங்கள் பால் சாப்பாடு மட்டும் கிடையாது, பாதுகாப்பும் அதுதான். குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் கடுமையான குடல் நோய் ஒன்று உண்டு, நாங்கள் 'நெக்' என்போம். தாய்ப்பால் அதன் ஆபத்தைக் குறைக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. இப்போது குழாய் வழியாக அவனுக்குப் போவது சில மில்லிதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு "இவ்வளவுதானே வேண்டும்" என்று பால் எடுப்பதைக் குறைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். பின்னால் அவன் நன்றாகக் குடிக்க ஆரம்பிக்கும்போது பால் போதாமல் போகிறது. முதல் இரண்டு வாரம் எத்தனை முறை எடுக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் அடுத்த மாதங்களில் சுரப்பு நிலைக்கும். 24 மணி நேரத்தில் குறைந்தது 8 முறை, அதில் இரவில் ஒரு முறையாவது எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பால் எடுக்க 20 நிமிடம் என்றால், பம்ப்பைக் கழற்றிக் கழுவி, கொதிக்க வைத்து, உலர்த்தி, பாட்டிலில் எழுதி ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்து முடிக்கும்போது ஒரு மணி நேரம் ஓடிவிடும். எட்டு முறை என்றால் எட்டு மணி நேரம். ஆபீஸில் ஒரு முழு நாள் வேலைக்குச் சமம். அதற்கு மேல் ஆட்டோவில் போய் வருவது, மகளுக்குச் சமைப்பது, தையல் போட்ட வயிறு.

இதில் உங்கள் உடம்பால் மட்டுமே ஆகக்கூடியது அந்த 20 நிமிடம்தான். மீதி 40 நிமிடத்தை அம்மாவிடம் கொடுங்கள். மதுரையிலிருந்து வந்து என்ன செய்யப்போகிறார் என்று கேட்டீர்கள், இதைச் செய்வார். பம்ப்பின் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சிங்க்கில் போடக்கூடாது, அதற்கென்று தனியாக ஒரு எவர்சில்வர் பேசின் வைத்துக்கொள்ளுங்கள். பால் எடுத்தவுடன் தண்ணீரில் அலசி, சோப்பு நீரில் சின்ன பிரஷ்ஷால் தேய்த்து, மறுபடி அலச வேண்டும். அப்புறம் மூழ்கும் அளவு தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்துத் தானாகக் காயவிட வேண்டும். முந்தானையால் துடைக்கக்கூடாது, இதை மட்டும் முதல் நாளே சொல்லிவிடுங்கள், பழக்கத்தில் கை போய்விடும். பாட்டிலில் உங்கள் பெயர், குழந்தையின் மருத்துவமனை எண், தேதி, எடுத்த நேரம் நான்கும் இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் ஃபிரிட்ஜில் உள்பக்கமாக வைக்க வேண்டும், கதவுப் பக்கம் வேண்டாம். ஃபிரிட்ஜில் எத்தனை மணி நேரம் வரை வைத்த பாலை ஏற்பார்கள் என்பது யூனிட்டுக்கு யூனிட் மாறும், உங்கள் யூனிட்டில் கேட்டு அதையே பின்பற்றுங்கள். மருத்துவமனைக்கு ஐஸ் பேக் போட்ட பையில்தான் பால் போக வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஆட்டோ நின்றால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இரவு இரண்டு மணிக்கு எழுந்து பால் எடுக்கிற தாய்க்கு, கூடவே எழுந்து ஒரு டம்ளர் சூடான கஞ்சி கொடுத்து, "நீ படு, நான் கழுவி வெச்சிடறேன்" என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால், அந்த இரவு முறையை அவள் விடாமல் எடுக்கிறாள். தனியாக இருப்பவர்கள் பெரும்பாலும் முதலில் விடுவது அந்த முறையைத்தான், அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அம்மா வந்தால் பத்தியமும் கூடவே வரும். பூண்டு, சுக்கு, பிரசவ லேகியம், பால் சுறா புட்டு எல்லாம் வரட்டும். இவை பால் சுரப்பைக் கூட்டும் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடையாது. ஆனால் வேளாவேளைக்குச் சூடாக, புரதத்தோடு சாப்பிடுவது உங்கள் காயம் ஆற நல்லது. லேகியத்தில் கடையில் வாங்கிய பொடிகள் இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். "தண்ணி அதிகம் குடிக்காதே, வயிறு போடும்" என்று சொன்னால் மட்டும் கேட்காதீர்கள், தாகம் எடுக்கும்போதெல்லாம் குடியுங்கள். கவலைப்பட்டால் பால் வற்றிவிடும் என்பார்கள். கவலையாலும் வலியாலும் அந்த நேரத்துக்குப் பால் இறங்கத் தாமதமாகலாம், அதனால் சுரப்பே நின்றுவிடாது. இதை அம்மாவுக்கும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அழுகிற ஒவ்வொரு முறையும் "அழாதே, பால் வத்திடும்" என்று பயமுறுத்துவார்.

அவர் வந்ததும் முதல் மோதல் வேறொரு இடத்தில் வரும். "பச்சை உடம்புக்காரி தினமும் வெளியே போகலாமா? காதில் பஞ்சு வைக்காமல் ஆட்டோவில் போகிறாயே?" இந்தக் கவலையில் பாதி நியாயம். சிசேரியன் ஆகி ஆறே நாளான உடம்புக்கு ஓய்வு வேண்டும், மாடிப்படி குறைய வேண்டும், கனம் தூக்கக்கூடாது. ஆனால் உங்கள் குழந்தை இருக்கும் இடம் மருத்துவமனை, நீங்கள் போகாமல் இருக்க முடியாது. டாக்டர் அனுமதித்திருந்தால் போங்கள். பஞ்சு வைத்துக்கொள்வதால் நஷ்டமில்லை, வைத்துக்கொண்டே போங்கள். போகும்போது பையைத் தூக்க அம்மா கூட வரட்டும். நீங்கள் உள்ளே இருக்கும் மூன்று நான்கு மணி நேரம் அவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டுமா, வீட்டுக்குத் திரும்பி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர வேண்டுமா என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். காத்திருக்கும் இடத்தில் சும்மா உட்காருவதுதான் உதவி என்று பல பெரியவர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் முழங்கால் வீங்குவதுதான் மிச்சம்.

இரண்டாவது விஷயம் தொடுதல். குறைமாதக் குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்க வைக்கும் கங்காரு பராமரிப்பை நம் ஊரில் வசதியில்லாத மருத்துவமனைக்கான மாற்று ஏற்பாடு என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1978இல் கொலம்பியாவின் போகோடாவில் டாக்டர் எட்கர் ரே சனாப்ரியா தொடங்கியபோது இன்குபேட்டர் தட்டுப்பாடும் ஒரு காரணமாக இருந்தது உண்மைதான். ஆனால் 2021இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்தது. இங்கே டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனை அதில் பங்கெடுத்தது. 1,000 முதல் 1,799 கிராம் எடையுள்ள குழந்தைகளைப் பிறந்த உடனேயே கங்காரு முறையில் வைத்தபோது, நிலை சீரான பிறகு தொடங்கிய குழந்தைகளைவிட முதல் 28 நாள் இறப்பு சுமார் 25 சதவீதம் குறைவாக இருந்தது. அதன் பிறகு 2022இல் உலக சுகாதார நிறுவனம், ஆபத்தான நிலையில் இருக்கும் குழந்தைகளைத் தவிர மற்றவர்களுக்குப் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கி, ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று பரிந்துரைத்தது. சிபாப்பில் இருக்கிறான் என்பது மட்டுமே தடை கிடையாது. அவன் நிலைக்கு இப்போது சரியா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். நாளைக்குப் போனதும் முதலில் இதைக் கேளுங்கள்.

அந்த ஆய்வில் தாய் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. தாய் சொன்ன இன்னொரு உறவினரும் முறை மாற்றி வைத்துக்கொண்டார். நம் அரசு வழிகாட்டுதலும் தகப்பனார், பாட்டி யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்கிறது. காய்ச்சல், இருமல், தோலில் புண் எதுவும் இருக்கக்கூடாது, தினமும் குளித்திருக்க வேண்டும், ஒரு தடவைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார முடிய வேண்டும். தர்மபுரி பக்கத்திலிருந்து வந்த ஒரு பாட்டியை நினைவிருக்கிறது. கைகழுவும் இடத்தில் மோதிரம், வளையல் எல்லாம் கழற்ற வேண்டும் என்றதும் கண்ணாடி வளையல் வரவில்லை. சோப்பு நுரையைக் குழைத்து ஒவ்வொன்றாக இறக்கினார், ஒன்றுகூட உடையவில்லை. முழங்கை வரை இரண்டு நிமிடம் கழுவிவிட்டு, முன்பக்கம் திறக்கும் கவுனோடு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். குழந்தையை வைத்ததும் ஒரு கையைப் பின்புறத்தில் தாங்கலாக வைத்து, இன்னொரு கையால் தலைத் தொப்பியைச் சரிசெய்தார். சொல்லிக் கொடுக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. அந்த நேரத்தில் மகள் வெளியே சாப்பிட்டுவிட்டுப் பால் எடுத்தாள். அப்புறம் என்னிடம் தனியாக, "அம்மா வெச்சிருக்கறப்ப எனக்குப் பொறாமையா இருந்துச்சு சிஸ்டர்" என்றாள். அது இயல்பு. அதனால்தான் முதல் முறை எப்போதும் தாய்க்கு, அடுத்தது தகப்பனாருக்கு, அவர்கள் சாப்பிடப் போகும்போதும் தூங்கும்போதும் மட்டும் பாட்டிக்கு என்று வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

இதெல்லாம் உங்கள் யூனிட் அனுமதித்தால்தான். டெல்லி ராம் மனோகர் லோஹியா மருத்துவமனையில் குடும்பத்தாரைப் பயிற்றுவித்து உள்ளே பராமரிப்பில் சேர்த்துக்கொள்ளும் முறை வளர்ந்து, 2017இல் மத்திய அரசு அதை நாடு முழுவதற்குமான வழிகாட்டுதலாக வெளியிட்டது. தனியார் யூனிட்டுகளில் நடைமுறை பலவிதம். பெற்றோரை மட்டும் விடுகிற இடங்கள் உண்டு, தாத்தா பாட்டியை வாரம் ஒருமுறை கண்ணாடி வழியாகக் காட்டுகிற இடங்கள் உண்டு. மதுரையிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து இறங்கியவருக்குக் கதவருகில் செக்யூரிட்டி சொல்லித் தெரியக்கூடாது. போனிலேயே சொல்லிவிடுங்கள்: "அம்மா, நீ வா. வந்தாலும் அவனை உடனே பாக்க முடியாது, நாள் ஆகலாம். நீ எனக்காகத்தான் வரணும். ராத்திரி பால் எடுக்கறப்ப கூட இரு, பாப்பாவை ஸ்கூலுக்கு அனுப்பு, அது போதும்." இப்படிச் சொன்னால் பெரும்பாலான அம்மாக்கள் புரிந்துகொள்வார்கள்.

மூன்றாவது, டாக்டரிடம் பேசுவது. நீங்கள் அல்லது கணவர், முடிந்தால் இருவரும் சேர்ந்து. சித்தப்பா, பெரியப்பா, டாக்டருக்குப் படிக்கிற அத்தை மகன் யாரும் வேண்டாம். ஒரே குழந்தையைப் பற்றி நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டால் பதிலும் நான்கு விதமாக வீட்டுக்கு வந்து சேரும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: மூச்சு எப்படி, எவ்வளவு பால், எடை, அடுத்து என்ன. 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் கண்ணின் விழித்திரையைச் சோதிக்க வேண்டும் என்பதையும் அதில் எழுதி வையுங்கள். விட்டுப்போனால் பார்வையே போகக்கூடிய விஷயம். மருத்துவமனை தானாகச் செய்யும், ஆனாலும் "ஆயிற்றா?" என்று கேளுங்கள். எடை பற்றி இரண்டு வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குறைமாதக் குழந்தை முதல் வாரத்தில் பிறந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இழக்கலாம், திரும்ப அந்த எடைக்கு வர இரண்டு வாரம் போல ஆகும். தெரியாவிட்டால் "1,250 இருந்தது எப்படி 1,120 ஆச்சு? அங்கே சரியாப் பாக்கறாங்களா?" என்று தினமும் உங்களைத்தான் கேட்பார்கள்.

கேள்விகளை ஏந்திக்கொள்ளவும் ஒரு ஆள் வேண்டும். கணவரின் தம்பியோ உங்கள் அக்காவோ, யாராவது ஒருவர். நீங்கள் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரே ஒரு வாய்ஸ் மெசேஜ் அவருக்கு அனுப்புங்கள். மற்றவர்கள் எல்லாரும் அவரிடம்தான் கேட்க வேண்டும். "ஸ்கூட்டர் ஓட்டினாளே", "கிரகணத்தன்னிக்கு வெளியே போனாளே" என்ற பேச்சு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ, அந்தப் பக்கத்துப் பிள்ளைதான் நிறுத்த வேண்டும். சேலத்திலிருந்து வந்தால் கணவர் பேசட்டும், மதுரையிலிருந்து வந்தால் நீங்கள் பேசுங்கள். குறைமாதப் பிரசவத்துக்கு ரத்த அழுத்தம், தொற்று, கர்ப்பப்பை வாய் பலவீனம், இரட்டைக் கரு என்று காரணங்கள் உண்டு. நிறையப் பேருக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை. கிரகணத்துக்கு இதில் வேலை இல்லை.

கணவர் லீவை மிச்சம் பிடிப்பது சரியான யோசனைதான். தனியார் துறையில் தகப்பனாருக்கு லீவு தர வேண்டும் என்று சட்டம் இல்லை. குழந்தை வீட்டுக்கு வரும் வாரம் இப்போதைவிடக் கடினமாக இருக்கும், அப்போது அவர் வேண்டும். ஆனால் வேலைக்குப் போனாலும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அவனை மார்பில் வைத்துக்கொள்ள வரட்டும். நீங்களும் வேலைக்குப் போகிறவர் என்றால், 26 வார மகப்பேறு விடுப்புக்கு மேல், குறைமாதப் பிரசவத்தை ஒட்டி வரும் உடல்நலக் குறைவுக்குச் சான்று கொடுத்தால் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு விடுப்பு கேட்கச் சட்டத்தில் இடமுண்டு. ஹெச்ஆரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அலைச்சல் வேலையை உங்கள் அப்பாவோ மாமனாரோ எடுத்துக்கொள்ளலாம்: இன்ஷூரன்ஸில் குழந்தையின் பெயரைச் சேர்ப்பது, இரண்டு நாளுக்கு ஒருமுறை இடைக்கால பில் வாங்கிப் பார்ப்பது, பிறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிவாகிவிட வேண்டும். பெயர் வைக்கவில்லை என்று தள்ளிப்போட வேண்டாம், பெயரில்லாமலே பதிந்து ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம்.

பண உதவி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்ததா, கடனா என்று அன்றைக்கே கேட்டு எழுதி வையுங்கள், அவ்வளவுதான். பில் தாங்க முடியாத இடத்துக்குப் போகிறது என்றால் கடைசி நாள் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பெங்களூருவில் வாணி விலாஸ் போன்ற அரசு மருத்துவமனைகளிலும் என்ஐசியூ இருக்கிறது. மாற்றுவது பாதுகாப்பா, எப்போது என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அவள்தான் அதிகம் கவலை. அம்மா வயிற்றோடு போனாள், குழந்தை இல்லாமல் வந்தாள், தினமும் எங்கோ போகிறாள், எல்லாரும் அழுகிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பாட்டி வருவது அவளுக்குத்தான் முதல் லாபம். தம்பி சின்னதாகப் பிறந்துவிட்டான், வளரும் வரை ஆஸ்பத்திரியில் இருப்பான், அவன் சீக்கிரம் வந்ததற்கு நீ எதுவும் செய்யவில்லை என்று நீங்களே சொல்லுங்கள். அவள் சளியோடு இருந்தால் அந்த நாட்களில் அவளைத் தூக்கிக் கொஞ்சியபின் உடை மாற்றி, கைகழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தூக்காமல் இருக்க வேண்டாம்.

யாரை வேண்டாம் என்று சொல்லலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர் யாராக இருந்தாலும் வரக்கூடாது, இதில் தயக்கமே வேண்டாம். வந்தால் தனக்கே ஒரு ஆள் வேண்டியிருக்கும் நிலையில் உள்ள பெரியவரை இப்போது அழைக்காதீர்கள். உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டே சமைக்கிறவரையும் வேண்டாம். அப்படிப்பட்டவரின் அன்பை வேறு வழியில் வாங்கிக்கொள்ளலாம். சமையலுக்கு ஒரு மாத ஆளுக்கு அவர் சம்பளம் கொடுக்கட்டும்.

மாமியாரை நான் அந்த வரிசையில் சேர்க்கவில்லை. அவரை இரண்டாவது முறைக்கு வைத்திருக்கச் சொல்கிறேன். 30 வாரக் குழந்தை பொதுவாகப் பிறந்திருக்க வேண்டிய தேதியை ஒட்டியோ, அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்போ வீட்டுக்கு வரும். எத்தனையாவது நாள் என்று இப்போது யாரும் சொல்ல முடியாது. தானே மூச்சு விட வேண்டும், உடல் சூட்டைத் தாங்க வேண்டும், வாயால் குடித்து எடை ஏற வேண்டும், அப்போதுதான் விடுவார்கள். அதுவரை ஒரே ஆள் தாங்க மாட்டார். "அத்தை, அவன் வீட்டுக்கு வர்றப்ப நீங்கதான் கூட இருக்கணும், அதுக்கு உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள், கணவர் அல்ல, நீங்களே. பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டத் தெரிந்த தலைமுறை அது. யூனிட்டில் நாங்கள் கற்றுக்கொடுப்பதும் கிட்டத்தட்ட அதேதான். அவர் வருவதற்கு இரண்டு வாரம் முன்பாவது ஃப்ளூ, கக்குவான் இருமல் தடுப்பூசி பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து, விளக்கெண்ணெய், சாம்பிராணிப் புகை ஐந்தும் கிடையாது என்பதை டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் வாயாலேயே அவர் முன்னால் சொல்ல வையுங்கள். மருமகள் சொல்லிக் கேட்பதைவிட அது சுலபம். தேங்காய் எண்ணெயை மெல்லத் தடவுவது பற்றி டாக்டர் சரி என்றால், அதை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக உங்கள் மனம். குழந்தை என்ஐசியூவில் இருக்கும்போது அழுகை வருவது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமே வராமல், எதிலும் பிடிப்பில்லாமல், மருத்துவமனைக்குப் போகவே மனமில்லாமல் இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. உங்களையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அன்றைக்கே, அந்த நிமிடமே அம்மாவிடமோ கணவரிடமோ சொல்லி டாக்டரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். பெங்களூருவின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் பிரசவத்தை ஒட்டிய மனநலத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. இந்த அறிகுறிகளை உங்கள் அம்மாவுக்கும் கணவருக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், நமக்கே தெரியாமல் வரக்கூடியது இது, கூட இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்.

நாளைக்கு யூனிட்டில் இன்சார்ஜ் சிஸ்டரிடம் மூன்று கேள்விகள் கேட்டு வாருங்கள்: கங்காரு எப்போது தொடங்கலாம், பாட்டியை அதற்கு விடுவீர்களா, வீட்டிலிருந்து கொண்டுவரும் பால் எத்தனை மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். பதிலை இங்கே எழுதினால், அம்மா வந்ததும் ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்ளலாம் என்று சேர்ந்து யோசிக்கலாம்.